வாரிசு என்றால் மகன் மட்டும்தானா?

"வாரிசு என்ற சொல்லுக்கே ஆண் பிள்ளை என்றுதான் அர்த்தம், கட்டிக்கொடுத்த மகள் அதில் வரமாட்டாள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, சொல்லும் அப்படிச் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை.

வாரிசு தமிழில் வந்து சேர்ந்த அரபுச் சொல். மூலம் 'வாரிஸ்', சொத்தைப் பெறுபவர் என்பது பொருள். அந்தச் சொல் பிறந்த மரபிலேயே மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் பங்கு உண்டு, குர்ஆனின் 4வது அத்தியாயம் அதை விரிவாகவே சொல்கிறது (மகளின் பங்கு மகனுடையதில் பாதி என்பதும் உண்மை, ஆனால் மகள் வாரிசே இல்லை என்று அங்கே கிடையாது). அதற்கு முன்பிருந்தே நம்மிடம் 'தாயம்' (உரிமையாக வந்து சேரும் சொத்து) என்ற சொல் இருக்கிறது, பங்காளியைக் குறிக்கும் தாயாதி அதிலிருந்து வந்ததுதான். கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் இருந்த மருமக்கள்தாயத்தில் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போனது, பெற்ற மகனுக்கு அல்ல!

சரி, சட்டம்? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன், மகள், மனைவி, தாய் நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது முதலில் பங்கு பெறுபவர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இல் வந்தது, அப்போது திருமணமாகாதவர்களுக்கு மட்டும். 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. மகள் இந்தப் பங்கைப் பெற அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் அந்தச் செய்தியை நம்பி யாரும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.