‘நிராகரி’ அழுத்தினாலும் குக்கீ இருக்கும்

குக்கீக்கு, அதாவது தளம் நம் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்புக்கு, அனுமதி கேட்டு வரும் பெட்டியில் ‘நிராகரி’யை அழுத்திவிட்டால் தளம் ஒரு குக்கீகூட வைக்காது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நீங்கள் மறுத்ததையே தளம் பெரும்பாலும் ஒரு குக்கீயில்தான் குறித்துவைக்கிறது. சந்தேகமிருந்தால் பிரவுசரில் குக்கீகளை அழித்துவிட்டு அதே தளத்துக்குப் போய்ப் பாருங்கள், அனுமதி கேட்கும் பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கும். லாகின், கூடையில் போட்ட பொருள் போன்றவற்றை நினைவில் வைக்கும் குக்கீகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்-தனியுரிமை விதியே 2009 திருத்தத்துக்குப் பிறகும் சம்மதம் கேட்கச் சொல்லவில்லை. நாம் மறுப்பது முக்கியமாக விளம்பரத்துக்காகப் பின்தொடரும் குக்கீகளை. அதுவும் தளம் நேர்மையாக நடந்துகொண்டால்தான்! பிரவுசர் செட்டிங்கில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நாம் பார்க்கும் தளம் அல்லாமல் வேறு தளங்கள் வைப்பவை)த் தடுத்துவைப்பதுதான் எனக்கு நம்பகமாகப் படுகிறது. அப்புறம், இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை இந்தப் பொத்தான் மறைக்காது.