உடைந்ததா, உடைத்தோமா?

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "உடைந்துவிட்டது" என்று சொன்னால் போதும், உடைத்தவர் வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுவார். "கணக்கு தப்பிவிட்டது", "ஃபைல் அழிந்துபோச்சு", "அச்சில் பிழை நேர்ந்துவிட்டது" எல்லாம் இந்த ரகம்தான். வேலையில் கோளாறு வந்ததும் பறக்கும் மின்னஞ்சல்களில் பெரும்பாலும் இந்த வினைச்சொற்களே இருக்கும். உடைந்து என்பதை உடைத்து என்று ஆக்க ஒரே ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும். அந்த எழுத்தை எழுதத்தான் கை வருவதில்லை.

பிழை வெளியே தெரிந்தபிறகு மன்னிப்புக் கேட்பதுதான் பொறுப்பேற்பது என்று பலர் நினைக்கிறார்கள். பொறுப்பு அதற்கு வெகு முன்பே, வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில் தொடங்குகிறது. தொலைவதும் அங்கேதான்.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் முன்கூடத்துக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டி, நட்டை நடுப்பகுதிவரை திருகிக் கொண்டுபோவது சிரமம். அதனால் கம்பியை இரண்டாக்கினார்கள்: கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொன்று.

கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது வேறு. மேலே இருப்பவர் கயிற்றைப் பிடிக்க, கீழே இருப்பவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. கயிற்றின் மேல் விழும் பாரம் மாறாது. மேலே இருப்பவர் கையின் மேல் விழுவது இரட்டிப்பாகிவிடும். மேல்பாலத்து விட்டத்துக்கு அடியில் இருந்த நட்டுக்கும் அதுதான் நடந்தது. அந்த விட்டமே இரண்டு எஃகுச் சட்டங்களை எதிரெதிரே வைத்துப் பற்றவைத்த பெட்டி. துளை போட்ட இடம் அந்தப் பற்றவைப்பின் மேலேயே. பாரம் தாங்காமல் எஃகு விரிந்து, நட்டு உள்ளே புகுந்து வெளியே வந்துவிட்டது.

முதல் வரைபடமும் ஒழுங்கில்லை. நகரக் கட்டட விதி கேட்ட வலிமையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அதில் இருந்தது என்று விசாரணை சொன்னது. ஆக, இரண்டு முறை கணக்குப் போட்டிருக்க வேண்டிய இணைப்புக்கு ஒருமுறைகூட யாரும் முறையாகப் போடவில்லை. இணைப்பை வடிவமைப்பது எஃகு வேலைக்காரர்கள் பொறுப்பு என்றது பொறியாளர் தரப்பு. பொறியாளர்கள் பார்த்திருப்பார்கள் என்று இருந்தது எஃகுத் தரப்பு. வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை மட்டும் இருந்தது. மிசூரி மாநிலம் இரண்டு பொறியாளர்களின் உரிமத்தை ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். "நான் பார்த்தேன்" என்பதைத் தவிர ஒரு முத்திரைக்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

கட்டடம் என்றில்லை. மென்பொருள், மொழிபெயர்ப்பு, கணக்கு அறிக்கை, பாடப்புத்தகம் எதுவானாலும் இதே கதைதான். "ஓகே" என்று பதில் போடுவதற்கு முன் எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். "எண்களைச் சரிபார்த்தேன், மூலத்தரவைத் திறக்கவில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும், அடுத்தவர் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். மாற்றம் எவ்வளவு சின்னது என்று அளக்காதீர்கள். அது எதன் மேல் பாரத்தை ஏற்றுகிறது என்று கேளுங்கள். 'இறுதி', 'இறுதி2', 'இறுதி-புதியது' என்று மூன்று ஃபைல் சுற்றினால் எதற்கு ஒப்புதல் தந்தோம் என்று யாராலும் சொல்ல முடியாது. தேதியும் பதிப்பு எண்ணும் போடுங்கள். இரண்டு பேருக்குப் பொதுவான வேலை என்றால் ஒருவர் பெயரை எழுதிவையுங்கள். வரைவை ஒரு கருவி எழுதித் தந்திருந்தாலும், அனுப்புகிறவர்தான் அதற்கு ஆள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிறுத்தும் அதிகாரத்தைத் தராமல், கெடுவை மட்டும் நெருக்கி, கடைசியில் கீழே இருப்பவர் தலையில் பழியைக் கட்டுவது அநியாயம். "இது தயாராகவில்லை, அனுப்ப மாட்டேன்" என்று சொல்ல உரிமை உள்ளவரிடம்தான் பொறுப்பைக் கேட்க முடியும்.

பிழை வெளியே போய்விட்டதா? சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். பழையதை நம்பி ஏற்கெனவே முடிவெடுத்தவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும். முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தவறாக இருந்தது, அதைப் பயன்படுத்தியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். வருத்தம் ஒரு வரி போதும்.

கணினி அறிஞர் டொனால்ட் கனூத், தன் புத்தகங்களில் பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை எழுதி அனுப்பினார். நாம் 256 என்று எழுதுவது, பதினாறை அடிப்படையாகக் கொண்ட கணினி எண்முறையில் 100. ஆக 256 சென்ட், அந்தக் கணக்கில் ஒரு டாலர். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.