நூறு தாளுக்கு ஒரு டாலர்

"விளையாட்டுக்குப் பேப்பர் போடுற பசங்களுக்கு அரசாங்கம் எதுக்குங்க சலுகை தரணும்?" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டுவிட்டார். பேச்சு, 1870களின் அமெரிக்காவில் தாங்களே அச்சடித்துப் பத்திரிகை நடத்திய பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவுத் தபால் கட்டணத்தை மறுத்ததைப் பற்றியது. எப்போதோ முடிந்துபோன தபால் கட்டணத்துக்கா இவ்வளவு கோபம் என்று அவருக்கு ஆச்சரியம். ஆமாம், கோபம்தான். ராத்திரி தூங்கி எழுந்தும் அடங்கவில்லை.

அந்த 'விளையாட்டு' என்ற சொல்தான் முதலில் சுடுகிறது. என் அப்பா காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் இயந்திரம் ஒன்றை வைத்து அச்சகம் நடத்தியவர். பத்து வயதிலேயே எனக்குக் கேஸ் என்ற அறை அறையான பெட்டியிலிருந்து எழுத்துப் பொறுக்கத் தெரியும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்க வேண்டும். வரி ஆடாமல் நிற்கும்வரை இடைவெளிக் கட்டைகளைச் செருக வேண்டும். கட்டிய பக்கம் கை தவறிக் கொட்டினால் ஒரு நாள் வேலை போச்சு. அடித்து முடித்தாலும் விடாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அத்தனை எழுத்தையும் அதனதன் அறையில் பிரித்துப் போட வேண்டும். நகக்கண்ணில் ஏறிய மை நாலு நாளைக்குப் போகாது. இதைச் செய்கிற பிள்ளையைப் பார்த்து விளையாடுகிறான் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அப்படிச் செய்த பிள்ளைகள் அங்கே ஒருவர் இருவர் இல்லை. 1867இல் பாஸ்டனில் பெஞ்சமின் உட்ஸ் 'நாவல்டி' என்ற சிறிய அச்சு இயந்திரத்தை விற்க ஆரம்பித்தார். 1872இல் மெரிடன் ஊரில் கெல்சி என்பவரும் இதே வியாபாரத்தில் இறங்கினார். வீட்டு மூலையில் வைத்து ஒரு பையனே ஓட்டக்கூடிய இயந்திரங்கள். உடனே ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகள் பத்திரிகை போட்டார்கள். கதை, கவிதை, புதிர், பக்கத்து ஊர்ப் பத்திரிகையோடு காரசாரமான சண்டை, எல்லாம் அதில் உண்டு. 1876 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் கூடி, பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகப் பத்திரிகை போடுபவர்களுக்கென்று தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கமே தொடங்கினார்கள். சின்சினாட்டியில் ஹெர்பர்ட் கிளார்க் என்ற கறுப்பின இளைஞர் 'லெ பிஜூ' என்ற பத்திரிகை நடத்தினார். 1879இல் அவரைச் சங்கத்தின் துணைத்தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தபோது தெற்கத்தி வெள்ளைக்காரப் பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பையனின் எழுத்து முன்பின் பார்க்காத வெள்ளையர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது என்றால், கொண்டுபோய்ச் சேர்த்தது தபால்தான்.

தபால் இல்லையென்றால் இந்தப் பத்திரிகைகளே இல்லை. சந்தா கட்டுபவர்கள் சொற்பம். என்னுடையது உனக்கு, உன்னுடையது எனக்கு என்று மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். இதைத்தான் பின்னால் தபால் துறை குற்றமாகச் சொன்னது! பெரியவர்கள் காலம் காலமாக என்ன செய்துகொண்டிருந்தார்களாம்? 1792ஆம் ஆண்டுத் தபால் சட்டம், பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குள் ஆளுக்கு ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளக் கட்டணமே இல்லை என்றது. 1873 வரைக்கும் அந்தச் சலுகை ஓடியது. வந்த பத்திரிகையை வெட்டி எடுத்துத்தான் எத்தனையோ ஆசிரியர்கள் தங்கள் பக்கத்தை நிரப்பினார்கள்.

சரி, தபாலை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கட்டணம் வைத்த 1879 மார்ச் 3 சட்டத்துக்கு வருவோம். இரண்டாம் வகுப்பில் சேர்ந்த பத்திரிகைக்கு ஒரு பவுண்டு எடைக்கு 2 சென்ட். சேர என்ன தகுதி? வருஷத்துக்கு நாலு இதழாவது வர வேண்டும், தேதி வேண்டும், வரிசை எண் வேண்டும், தெரிந்த ஓர் அலுவலகம் வேண்டும். வீட்டுத் திண்ணையை அலுவலகமாக்கி இதையெல்லாம் பிள்ளைகளால் செய்துவிட முடியும். அடுத்து வருகிறது கொக்கி: முறையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும், இலவசமாகவோ பேருக்கு ஒரு விலை வைத்தோ பரப்புவதற்கென்றே போடுவதாக இருக்கக் கூடாது. அமெச்சூர் பத்திரிகை இதற்குள் வராது என்று தபால் துறை மூன்றாம் வகுப்புக்குத் தள்ளியது.

அந்த மூன்றாம் வகுப்பில் 2 அவுன்சுக்கு 1 சென்ட். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிரதிகளையும் ஒரே கட்டாகத் தராசில் வைத்து எடை போடுவார்கள். மூன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனித் தபால் தலை. ஒரு பிரதி கால் அவுன்ஸ் என்றால் 100 பிரதி 25 அவுன்ஸ்; 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு என்பதால் ஒன்றரைப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். பெரிய பத்திரிகை முதலாளிக்கு அந்த எடைக்கு 3 சென்ட்டோ 4 சென்ட்டோதான் ஆகும். அந்தப் பையனுக்கு ஒரு டாலர். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு டாலர்! காகிதமும் மையும் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே போவான்?

இதில் என்னை அதிகம் எரிய வைப்பது வேறொன்று. பாஸ்டனிலிருந்து பெரியவர்கள் பிள்ளைகளுக்காக நடத்திய 'யூத்ஸ் கம்பேனியன்' வார இதழ், புதுச் சந்தா பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று பட்டியல் போட்டு ஆள் சேர்த்தது. அதற்கு இரண்டாம் வகுப்பு. ஜார்ஜ் மன்றோ 1877இல் தொடங்கிய 'சீசைடு லைப்ரரி', முழு நாவலை மலிவுத் தாளில் அடித்து, மேலே இதழ் எண் ஒன்றைப் போட்டுப் பத்திரிகை என்றது. அதில் வந்த பிரிட்டிஷ் எழுத்தாளர்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் 1891 வரை காப்புரிமைப் பாதுகாப்பே கிடையாது. இப்படிப்பட்ட 'லைப்ரரி'கள் இரண்டாம் வகுப்பில் மூட்டை மூட்டையாகப் போயின. அடுத்தவன் எழுத்தை அடித்து விற்றவனுக்குச் சலுகை. தானே எழுதி, தானே கோத்து, தானே அடித்த பிள்ளைக்கு அபராதம் மாதிரி ஒரு கட்டணம். பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் எழுதினால் அது பத்திரிகை, பிள்ளைகளே எழுதினால் அது பத்திரிகை இல்லையா? யார் கொடுத்த அதிகாரம் இது?

"பொழுதுபோக்குதானே" என்று திரும்பவும் சொன்னார் நண்பர். அந்தப் பொழுதுபோக்கில் வந்த பல்லாயிரம் பிரதிகளை வூஸ்டரில் இருக்கும் அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி என்ற ஆய்வு நூலகம் இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போய்ப் படிக்கிறார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க இதைவிட வேறென்ன கிடைக்கும்?

அப்புறம் 1885இல் கட்டணத்தைக் குறைத்தார்கள். இரண்டாம் வகுப்புக்கு! பவுண்டுக்கு 2 சென்ட் 1 சென்ட் ஆனது. மூன்றாம் வகுப்பில் தள்ளப்பட்ட பையன் கொண்டுவந்த நூறு தாளுக்கு அப்போதும் அதே ஒரு டாலர்.