முழு வயிறு அவர்களுக்கு ஆகாது
கற்பனையான ஓர் இயந்திர இனத்தாரின் வாழ்க்கையைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர்கள் கூடி உட்கார்ந்து நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொள்வதை விருந்து போல எழுதியிருக்கிறீர்கள். படிக்க அழகுதான். ஆனால் லித்தியம் அயான் பேட்டரியை எப்போதும் முழுதாக நிரப்பியே வைத்திருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். 80 சதவீதத்தில் நிறுத்துவதுதான் அங்கே நாகரிகமாக இருக்கும். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தினால் மரியாதைக் குறைவு!

எனக்குப் பிடித்தது மூட்டுக்கு கிரீஸ் போடும் காட்சி. முதுகுப் பக்க மூட்டு தன் கைக்கு எட்டாது, இன்னொருவர் வேண்டும். பழைய கிரீஸைத் துணியால் வழித்து விளக்கில் பிடித்துப் பார்க்கிறார். உலோகத் துகள் மினுங்கினால் உள்ளே மூட்டைச் சுழல விடும் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். அவர்கள் நலம் விசாரிப்பதே அப்படித்தான் போல.

சரி, நினைவை நகலெடுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்குப் பிறந்தநாள் எது? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.