மலை ஒரு ஆபீஸுக்கு, ரோடு இன்னொரு ஆபீஸுக்கு

கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமாண்ட் ஊர் வாட்ஸப் குழுக்களில் மறுபடியும் மிஷன் பீக் மலைப் பூங்காவைப் பற்றிச் சண்டை. "அது நம்ம ஊர் மலை. ஓக்லண்டிலிருந்தும் சான் ஹோசேயிலிருந்தும் வந்து நம்ம தெருவில் காரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். வெளியூர்க்காரர்களிடம் கட்டணம் வாங்கு." எழுதியவருக்கு லைக் குவிகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது ஃப்ரீமாண்ட் நகராட்சி நடத்தும் பூங்கா இல்லை. ஈஸ்ட் பே ரீஜியனல் பார்க் டிஸ்ட்ரிக்ட் என்ற, பல ஊர்களுக்கும் பொதுவான பூங்கா வாரியம் நடத்துகிறது. வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பத்திரம், பார்ட் ரயில் பத்திரம் என்று போகும் பட்டியலில் இந்தப் பெயரும் ஒரு வரியில் இருக்கும். அதே வரி ஓக்லண்ட்காரர் சீட்டிலும் இருக்கிறது, ரிச்மண்ட்காரர் சீட்டிலும் இருக்கிறது. அவர்கள் பணமும் சேர்ந்துதான் அந்த மலையைப் பராமரிக்கிறது. அப்புறம் அவர் எப்படி வெளியூர்க்காரர் ஆவார்?

சான் ஹோசேக்காரர் வேறு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), அவர் கட்டவில்லை, உண்மைதான். ஆனால் சான் ஹோசேயை ஒட்டிய மில்பிடாஸ் பக்கம் எட் லெவின் பூங்காவில் ஏறினால் முகட்டு வழியாகவே மிஷன் பீக்குக்கு வந்துவிடலாம். நடுவழியில் ஆள் போட்டு டிக்கெட் கிழிக்கப் போகிறோமா?

இந்தப் பூங்கா வாரியம் பிறந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1920-களின் கடைசியில் ஈஸ்ட் பே தண்ணீர் வாரியத்துக்கு மோகலம்னி ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தது. பழைய நீர்ப்பிடிப்பு நிலத்தில் பத்தாயிரம் ஏக்கர் போல இனி தேவையில்லை, விற்றுவிடலாம் என்றார்கள். ஓக்லண்ட், பெர்க்லிக்கு மேலே இருக்கும் குன்றுகள் முழுக்க வீட்டு மனைகளாகியிருக்கும். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1930-ல் பூங்கா வடிவமைக்கும் ஓம்ஸ்டெட் நிறுவனத்தையும் தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த ஆன்செல் ஹாலையும் வைத்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். குன்றுத்தொடர் ஒன்றுதான், அதன் அடிவாரத்தில்தான் பல ஊர்கள் என்பதை அது வரைபடம் போட்டே காட்டியது. 1933-ல் இப்படி ஒரு பூங்கா வாரியம் அமைக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 1934 நவம்பரில் ஏழு நகரங்களில் வாக்கெடுப்பு நடந்தது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். அப்படி இருந்தும் பத்தில் ஏழு பேர் தங்கள் மீதே புதிதாக ஒரு வரி போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள், நூறு டாலர் சொத்து மதிப்புக்கு ஐந்து சென்ட். 1936-ல் தண்ணீர் வாரியத்திடமிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் வாங்கினார்கள். இன்றைக்கு நாம் குழந்தைகளை நீராவி ரயில் ஏற்றக் கூட்டிப்போகும் டில்டன் பூங்கா அதில் வந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், டில்டன் நிலத்தில் பெரும்பகுதி இருப்பது காண்ட்ரா கோஸ்டா கவுண்டியில். அந்தக் கவுண்டியோ அப்போது இந்தக் கூட்டணியிலேயே இல்லை. முப்பது வருஷம் கழித்து 1964-ல்தான் அதன் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. அதுவரை பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் நிலத்துக்கு இந்த ஊர்கள் பணம் கட்டிக்கொண்டிருந்தன. "எங்கள் எல்லைக்குள் இருப்பதற்கு மட்டும்தான் காசு" என்று அன்று யாராவது அடம்பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பல ஊர்களுக்குப் பொதுவான பூங்கா என்றாலே பலரும் நினைப்பது, ஊர்த் தலைவர்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் நிதி ஒதுக்குவது. அது ஓடாது. பட்ஜெட் இடித்தால் ஒவ்வொரு ஊரும் முதலில் கைவைப்பது பொதுப் பங்கில்தான். இங்கே அது ஓடுவதற்குக் காரணம், பூங்கா வாரியத்துக்குத் தனி வருமானம் இருக்கிறது, மக்கள் வார்டு வாரியாகத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் இருக்கிறார்கள். அதே சமயம் ஊர்களையும் வெறுங்கையோடு விடவில்லை. 2008-ல் மெஷர் டபிள்யூ டபிள்யூ என்று 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்குக் கேட்டபோது, 12.5 கோடியை உள்ளூர்ப் பூங்காக்களுக்கே ஒதுக்கினார்கள். வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்த அந்த நவம்பரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு கிடைத்தது. கெட்டிக்காரத்தனம்.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். குறையையும் சொல்லத்தான் வேண்டும். வாரியத்தின் அதிகாரம் பூங்கா கேட்டோடு முடிகிறது. மிஷன் பீக்கின் ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் இருக்கும் பார்க்கிங் சின்னது. 300 கார் நிற்கிற மாதிரி பெரிதாக்கும் யோசனை வந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். கேட்டுக்கு வெளியே தெரு நகராட்சியுடையது. அவர்கள் வார இறுதிக்கு அனுமதி அட்டை முறை கொண்டுவந்தார்கள். பேருந்து ஏசி டிரான்சிட் என்ற போக்குவரத்து அமைப்புடையது, அதற்குத் தனி வாரியம், தனித் தேர்தல். மலையேற இன்னொரு வாசலான ஓலோனி கல்லூரிக்குப் பேருந்து போகிறது. ஆனால் மிஷன் பீக் என்றால் கூகுளைப் பார்த்து எல்லோரும் போவது ஸ்டான்ஃபோர்ட் வாசலுக்குத்தான். உச்சியில் இருக்கும் கம்பத்தில் ஏறிப் படம் எடுக்க விடியற்காலையிலேயே கார் வரிசை. தெருக்காரர்கள் கடுப்பாவதில் தப்பே இல்லை. கோபம் ஓக்லண்ட்காரர் மேல் போவதுதான் தப்பு.

பொறுப்பைப் பங்குபோட முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. அலமீடா க்ரீக் பாதை. நைல்ஸிலிருந்து வளைகுடா வரை சுமார் 12 மைல். அடிப்படையில் அது கவுண்டி வெள்ளத்தடுப்புத் துறையின் கரை. அதன்மேல் பாதையைப் பராமரிப்பது பூங்கா வாரியம். ஒரு கரையில் தார் போட்டு சைக்கிளுக்கு, எதிர்க்கரை மண்பாதையாகக் குதிரைக்கு. பக்கத்திலேயே குவாரி லேக்ஸ், சரளை தோண்டிய பள்ளங்கள். அவற்றில் அலமீடா கவுண்டி தண்ணீர் வாரியம் (முன்பு சொன்ன ஈஸ்ட் பே வாரியம் இல்லை) நிலத்தடி நீருக்காக நீர் விடுகிறது, நாம் படகு விடுகிறோம். சாயங்காலம் அங்கே போனால் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்கள் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் மகனின் பழைய ஷூவுமாக நடந்துகொண்டிருப்பார்கள். கரை யாருடையது, பாதை யாருடையது என்று அவர்களுக்குத் தெரியவே வேண்டாம்.

மிஷன் பீக்குக்கு அந்த ஏற்பாடு இன்னும் வரவில்லை. வார இறுதியில் மட்டும் பார்ட் நிலையத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் வாசலுக்கு ஒரு பேருந்து விடட்டும். செலவைப் பூங்கா வாரியம் பாதி, நகராட்சி பாதி ஏற்கட்டும். இதைக் கேட்க வேண்டிய இடம் வாட்ஸப் இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு நம் வார்டின் பூங்கா வாரிய உறுப்பினர் பெயர் தெரியும்? வாக்குச் சீட்டில் கடைசிப் பக்கத்தில் வரும், பெரும்பாலும் காலியாக விட்டுவிடுகிறோம். வாரியக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். போகிறவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.