விவிலியத்தைத் திறப்பதும் உள்ளத்தைத் திறப்பதும்

"கத்தோலிக்கர் வேதாகமத்தைத் தாமாக வாசிக்கக் கூடாது, பிரசங்கம் கேட்டால் போதும், உள்ளத்தைத் திறப்பதெல்லாம் பிற சபைகளின் பழக்கம்" என்று சகோதரர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்தை மனத்தில் வைத்து எழுதியிருந்தால் அதில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத்திரட்டின் 25ஆம் பிரிவு, மறைநூலை அறியாமை கிறிஸ்துவை அறியாமையே என்னும் புனித எரோணிமுவின் கூற்றை எடுத்துக்காட்டி, எல்லா விசுவாசிகளும் அதை அடிக்கடி வாசிக்க வேண்டுமென்றும், வாசிப்போடு செபமும் சேர வேண்டுமென்றும் வலியுறுத்துகிறது.

மட்டக்களப்பில் எந்தப் பங்கிலாவது ஞாயிறு திருப்பலிக்குச் சென்று, நற்செய்தி தொடங்கும் கணத்தைச் சற்றுக் கவனியுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு படிந்த பெருவிரலால் ஒரு மூதாட்டி நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை வரைவார். வார்த்தை சிந்தையிலும் சொல்லிலும் இதயத்திலும் தங்க வேண்டும் என்பதே அதன் பொருள். (அவசரத்தில் மூன்றையும் ஒன்றாக்கி விடுகிறவர்களும் உண்டு, நான் உட்பட.)

மேலும், உள்ளத்தைத் திறப்பது நம் முயற்சி மட்டுமன்று. பவுல் பேசியதை ஏற்குமாறு லீதியா என்னும் பெண்ணின் உள்ளத்தை ஆண்டவரே திறந்தார் என்று திருத்தூதர் பணிகள் 16:14 கூறுகிறது. அந்தப் பகுதி நமது திருப்பலி வாசக நூலிலும் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) காலத்தில் வாசிக்கப்படுகிறது.