தாங்குமுங்க, தாங்குமுங்க!

"தாங்குமுங்க தம்பி, ஒண்ணும் ஆகாதுங்க."

இந்த ஒரு சொல்ல நம்பி நான் அழுத கதை இது. யாராச்சும் கம்ப்யூட்டர் கடையில இதே சொல்லக் கேட்டீங்கன்னா, கையில இருக்கற பைய எடுத்துட்டுக் கம்முனு வெளிய வந்துருங்க.

நமக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். கோபியில ஒரு ரூமு, ஒரு சிஸ்டம். முன்னெல்லாம் டிவிடி குடுத்தாப் போதும்னு இருந்தவங்க, இப்ப சீர் வரிசையில இருந்து சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் 4கே-ல கேக்கறாங்க. 2019-ல அசெம்பிள் பண்ணுன சிஸ்டத்துல கெடந்த 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு மூச்சு வாங்குச்சு. சரின்னு ஆர்டிஎக்ஸ் 3060 போடலாம்னு முடிவு பண்ணி ஈரோட்டுக்கு வண்டிய எடுத்தேன். கடைக்காரர்கிட்ட மொதல்ல கேட்டதே இதுதான்: "ஏனுங்கண்ணா, நம்ம எஸ்எம்பிஎஸ் தாங்குமுங்களா? கேபினெட்டோட வந்ததுங்க, 450 வாட்ஸ்."

எஸ்எம்பிஎஸ்னா சொவத்துக் கரண்ட மாத்திக் கம்ப்யூட்டருக்குக் குடுக்கற பெட்டி. அவரு பில்லு போடறதுல இருந்து தலையத் தூக்கல. "தாங்குமுங்க தம்பி."

கார்டுக்கு வேண்டிய எட்டு பின் ஒயரு அந்த எஸ்எம்பிஎஸ்ல இல்லியேன்னு கேட்டதுக்கு, டிராயர்ல இருந்து ஒரு அடாப்டர எடுத்துக் கவர்ல போட்டாரு. ஒரு முனையில எட்டு பின், மறுமுனையில ரெண்டு பழைய நாலு பின் சொருகி. கேபிள் சும்மாங்களாம். அப்பவே ஒறைச்சிருக்கோணும்.

நாலு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. அஞ்சாம் நாள் ராத்திரி, காலையில கொண்டுபோயிக் குடுக்க வேண்டிய முகூர்த்த வீடியோ, எக்ஸ்போர்ட் 63 சதவீதம். டப்புன்னு இருட்டு. டியூப்லைட் எரியுது, பேன் சுத்துது, சிஸ்டம் மட்டும் செத்துக் கெடக்குது. மறுபடி போட்டேன். 58-ல நின்னுச்சு. மறுபடி. 70. பொண்ணு வீட்டுக்காரங்க போனு வேற. யுபிஎஸ் மேல சந்தேகப்பட்டேன், டிரைவர அழிச்சுப் போட்டேன், விண்டோஸ் புதுசா ஏத்துனேன். மூணு நாள் பொழப்பு போச்சு.

அப்புறம் ஊருல இருக்கறவன்லாம் ஆளுக்கொரு வாக்கு. "1000 வாட்ஸ் இல்லாம 3060 ஓட்ட முடியாது"ன்னு ஒருத்தன். "நான் 400-லயே ஓட்டறேன்"ன்னு இன்னொருத்தன். நெம்பத் தெரிஞ்ச ஒருத்தரு சொன்னாரு பாருங்க, "எஸ்எம்பிஎஸ் மேல 80 பிளஸ்னு முத்திரை போட்டிருந்தா, 500 வாட்ஸ்ல 400 தான் உள்ள போகும்"னு. அது அப்படி இல்லீங்க சாமி! சொவத்துல இருந்து இழுக்கற கரண்டுல குறைஞ்சது 80 சதவீதம் உள்ள போயிச் சேருது, மிச்சம் சூடாப் போகுதுங்கறதுதான் அந்த முத்திரைக்கு அர்த்தம். 500 வாட்ஸ் நெசமாவே குடுக்கற எஸ்எம்பிஎஸ் முழு லோடுல சொவத்துல இருந்து 625 வரைக்கும் இழுக்கும், அவ்வளவுதான். இதத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு எத்தன பேரு எத்தன பேருக்குச் சொல்லியிருப்பாங்களோ.

கடைசியில வழி சொன்னது எங்கப்பா. கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்துத் தட்டத் தெரியாத மனுசன். நான் தலையில கைய வெச்சு உக்காந்திருந்தத ஒரு நிமிசம் பாத்துட்டு, "என்றா, பிளேட்டப் பாத்தயா?"ன்னாரு.

எந்தப் பிளேட்டு?

"மோட்டாருக்குப் பிளேட்டப் பாக்காம எவனாச்சும் கேபிளு எடுப்பானா? இதும் கரண்டுதான?"

1932-ல நீலகிரி மலையில பைக்காரா மின் நிலையத்துல இருந்து கரண்டு எறங்குன நாள்ல இருந்து மில்லும் மோட்டாருமாத் திரியற சீமைங்க இது. ஏழரை ஹெச்பி போர் மோட்டாருக்கு எத்தன ஆம்பியர், எவ்வளவு தூரத்துக்கு எந்த சைஸ் கேபிளுன்னு காட்டுக்காரரு ஒவ்வொருத்தரும் வெரல் நுனியில வெச்சிருப்பாரு. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நான் பிளேட்டப் பாக்கல பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

எஸ்எம்பிஎஸ்சுக்குப் பிளேட்டுன்னா அதுமேல ஒட்டியிருக்கற லேபிளுதான். பாக்கலாம்னா, பாக்க முடிஞ்சாத்தான! லேபிள் ஒட்டியிருக்கற பக்கம் கேபினெட்டோட அந்தப் பக்கத் தகரத்தப் பாத்து இருக்குது. எந்த மகராசன் போட்ட டிசைனோ. போன உள்ள விட்டு போட்டோ எடுத்தா இருட்டு. அப்புறம் நாலு ஸ்குருவையும் கழட்டி, ஒயரோட வெளிய இழுத்து, அப்பா டார்ச்சு அடிக்க நான் வாசிச்சேன்.

கட்டை எழுத்துல 450. கீழ எறும்பு எழுத்துல 3.3 வோல்ட் 20 ஆம்பியர், 5 வோல்ட் 22 ஆம்பியர், 12 வோல்ட் 17 ஆம்பியர்.

நம்ம கார்டுக்கும் ப்ராசஸருக்கும் சோறு போடறது அந்த 12 வோல்ட்டுதான். 17-ஐ 12-ஆல பெருக்குனா 204 வாட்ஸ். கார்டு 170, ஐ5 9400எஃப் ப்ராசஸர் 65. அங்கயே 235 ஆச்சு, ஹார்டு டிஸ்க்கும் பேனும் தனி. பழைய 1050 டிஐ வெறும் 75 வாட்ஸ், அதான் இத்தன வருசம் சத்தமில்லாம ஓடியிருக்குது.

அதவிடக் கொடுமை என்னன்னா, லேபிள்ல இருக்கற மூணு வோல்ட்டையும் அததோட ஆம்பியரால பெருக்கிக் கூட்டுனாக்கூட 380 தான் வருது. மிச்சச் சில்லறையெல்லாம் சேத்தாலும் 400-ஐத் தொடல. அப்ப அந்த 450 எங்கிருந்து வந்துச்சு? ப்ராசஸருங்க 12 வோல்ட்டுக்கு மாறுனது 2000 வாக்குல, பென்டியம் 4 வந்தப்ப. இன்னும் இந்த எஸ்எம்பிஎஸ் பண்றவனுக 5 வோல்ட்டுல கரண்ட அள்ளிக் குடுத்து வாட்ஸு கணக்கு காட்டறானுக.

அப்பா சிரிச்சாரு. அஞ்சு ஹெச்பின்னு பிளேட்டு அடிச்சு ஏழரை இழுக்கற மோட்டாரையெல்லாம் பாத்தவரு அவரு. "அங்க கொறைச்சு எழுதறான், இங்க கூட்டி எழுதறான். ரெண்டும் ஒரே சாதிதான்"னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

அந்த அடாப்டரக் கழட்டிப் பாத்தா, வெள்ளைக் கனெக்டரோட ஓரம் பழுப்பேறிக் கெடக்குது. மதர்போர்டுல சொருகற சிலாட்டு வழியா கார்டு 75 வாட்ஸுக்கு மேல எடுக்கக் கூடாது. அத முழுசா எடுத்தாலும் மிச்சம் 95, அதாவது எட்டு ஆம்பியர், அந்த அடாப்டர் வழியாத்தான் வரோணும். ரெண்டு சொருகி இருக்குதேன்னு பாத்தா, ரெண்டும் ஒரே ஒயர்ல தொங்குது, அதே ஒயர்லதான் ஹார்டு டிஸ்க்கும். ரெண்டு கையால ஊட்டற மாதிரி காட்டி ஒரே கையால ஊட்டறது. ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுட்டுத் தூங்கறவன் நான். நின்னுபோனதோட விட்டுச்சே.

3060-ஐ உண்டாக்குன என்விடியா கம்பெனி அதுக்கு 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வேணும்னு போட்டிருக்குது. கார்டே 170 தானேன்னு நானும் நக்கலடிச்சவன்தான். இந்த மாதிரி லேபிளு ஊரெல்லாம் சுத்தறப்ப அவன் கூட்டிச் சொல்லாம என்ன பண்ணுவான்?

புதுசு வாங்கப் போனேன், வேற கடை. "12 வோல்ட்டுல எத்தன ஆம்பியருங்க?"ன்னு கேட்டேன். கவுண்டர்ல இருந்த பையன் என்னையே பாத்துட்டு, "லேப்டாப் சார்ஜருங்களாண்ணா?"ன்னான். நானே டப்பாவ வாங்கித் திருப்பிப் பாத்தேன். 650 வாட்ஸ், 12 வோல்ட்டுல 54 ஆம்பியர். பெருக்குனா 648. இப்படிப் பொருந்தோணும்ங்க! எட்டு பின் ஒயரும் அதுலயே தனியா வருது, அடாப்டர் சோலியே இல்ல.

கேபினெட்டும் மாத்த வேண்டியதாப் போச்சு. இந்தப் புதுக் கேபினெட்டுல எஸ்எம்பிஎஸ் அடியில, தகர மூடிக்குள்ள போயி உக்காந்துக்குது. மாட்டி, மூடி, ஸ்குரு முறுக்கி, எக்ஸ்போர்ட் போட்டு, 100 ஆகற வரைக்கும் முழிச்சிருந்துட்டு, அப்புறம் பாக்கறேன், இதுலயும் லேபிளு சுத்தமாத் தெரியல.

மார்க்கர் பேனாவ எடுத்துக் கேபினெட் மேலயே கட்டை எழுத்துல எழுதிட்டேன்: 12 வோல்ட், 54 ஆம்பியர். அப்பா வந்து பாத்துட்டு, பக்கத்துல வாங்குன தேதியும் எழுதச் சொன்னாரு.